கம்பா, இட்லியா, டப்பா உணவா? பிள்ளைகளின் காலைச் சாப்பாடும் பெற்றோரின் பிணக்கும்

பிள்ளை காலையில் என்ன சாப்பிட வேண்டும் என்பதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போகாத வீடுகள் கொங்குப் பகுதியில் ஏராளம். காங்கேயம், தாராபுரம் பக்கம் காட்டுவேலை பார்த்து வளர்ந்த அப்பா கம்பும் ராகியும்தான் உணவு என்கிறார். எட்டரை மணிக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குள் இருந்தாக வேண்டிய அம்மா இட்லி என்கிறார்; அதற்கும் நேரமில்லாத நாளில் பால் ஊற்றிய கார்ன்ஃப்ளேக்ஸ். கூடவே இருக்கும் பாட்டி, முதலில் ஒரு டம்ளர் பாலைக் குடிக்கட்டும் என்கிறார். பேரனைப் பார்க்க வரும் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) பையில் சத்து பானப் பொடி டப்பா ஒன்று இருக்கிறது. நான்கு பேரும் பிள்ளையின் நலத்துக்காகவே பேசுகிறார்கள். பிள்ளையோ அரைத் தோசையோடு பள்ளி வேனில் ஏறிவிடுகிறது.

எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு நெடுநாள் நடந்தது. யார் சொல்வது சரி என்று பேசிக்கொண்டிருந்த வரை ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. ஒவ்வோர் உணவிலும் என்ன இருக்கிறது, அதைச் செய்ய யாருக்கு எவ்வளவு வேலை, பிள்ளை அதைச் சாப்பிடுகிறதா என்று மூன்று கேள்விகளாகப் பிரித்துக் கேட்ட பிறகே தெளிவு கிடைத்தது. அந்தக் கேள்விகளை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலில் அளவுகோல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஏழு முதல் ஒன்பது வயதுள்ள பிள்ளைக்கு ஒரு நாளுக்கு 23 கிராம் புரதம், 650 மில்லிகிராம் கால்சியம், 15 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை. காலைச் சாப்பாட்டில் இதில் கால் பங்காவது வந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புரதம் ஆறு கிராம், கால்சியம் 160 மில்லிகிராம், இரும்பு நான்கு மில்லிகிராம் அளவில் வருகிறது. இவற்றில் இரும்புச்சத்தைத்தான் நாம் அதிகம் மறந்துவிடுகிறோம். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளைகளும் இதில் அடக்கம். வயிறு நிறைந்தால் சத்தும் சேர்ந்துவிடும் என்று நினைப்பதற்கு இடமில்லை.

அப்பாவின் பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் உண்மை நிறைய இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது கொங்கு நாடு. ஆற்றோரமும் பழைய வாய்க்கால் கரையும் நீங்கலாக மற்றதெல்லாம் மேட்டுக்காடு. அங்கே கம்பும் சோளமும் ராகியும்தான் விளைந்தன. பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகே ஈரோட்டுப் பக்கம் பல ஊர்கள் நெல்லுக்கு மாறின. இட்லி என்பது தீபாவளிக்கும் விருந்தாளி வரும் நாளுக்கும் உரியதாக இருந்தது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். உரலில் இடித்துக் காய்ச்சிய கம்மஞ்சோற்றை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். மறுநாள் காலையில் மோர் ஊற்றிக் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு குடித்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நாம்.

எண்களும் அப்பாவுக்குச் சாதகமாகவே இருக்கின்றன. நூறு கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் பத்துகூட இல்லை. கம்பில் நூறு கிராமுக்கு ஆறு மில்லிகிராமுக்கு மேல் இரும்பும் பத்து, பதினோரு கிராம் புரதமும் உண்டு. தீட்டிய அரிசியின் இரும்பு ஒரு மில்லிகிராமைத் தொடுவதில்லை. ஆனால் ராகிக்குப் புரதம் குறைவு, ஏழு கிராம் அளவே. எலும்புக்கு ராகி, இரத்தத்துக்குக் கம்பு என்று பிரித்து நினைவில் வைத்துக்கொண்டால் வாரத்தில் எது எப்போது என்று முடிவெடுப்பது எளிது. சிறுதானியத்தில் இருக்கும் பைட்டேட் என்ற பொருள் இரும்பையும் கால்சியத்தையும் உடலில் முழுமையாகச் சேரவிடாது. ஊறவைப்பதும் முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் அதைக் குறைக்கும். நம் பாட்டிமார் கூழைப் புளிக்கவைத்தது நாக்குக்கு மட்டுமான வழக்கமாக இருந்தாலும் பலன் உடம்புக்கும் கிடைத்தது.

அப்பாவின் வாதத்தில் எனக்கு ஏற்பில்லாத பகுதி ஒன்று உண்டு. அவர் சின்ன வயதில் கம்மங்கூழ் குடித்த நாள் வேறு விதமானது. விடியலில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, கிணற்றடியில் குளித்து, பசியோடு வந்து உட்கார்ந்து குடித்தார். அவருடைய மகள் ஆறரைக்கு எழுந்து ஏழரைக்கு வேன் ஏறுகிறாள். அவளுக்குக் களியை உருட்டிக் கொடுத்தால் இரண்டு வாயோடு நிறுத்திவிடுவாள். நான் சாப்பிட்டேன், நீயும் சாப்பிடு என்று சொல்வதால் அவளுக்குப் பசி வந்துவிடாது. அதே கம்பு தோசையாக வந்தால் சாப்பிடுகிறாள். இரண்டு பங்கு கம்பு, ஒரு பங்கு இட்லி அரிசி, முக்கால் பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். நன்றாக ஊறவைத்து அரைத்துப் புளிக்கவிட்டால் மொறுமொறுப்பான தோசை வரும். கம்பை மாவாக அரைத்து மாதக்கணக்கில் வைக்கக் கூடாது, அதிலுள்ள எண்ணெய்ப் பசையால் சீக்கிரமே கசந்துவிடும். பிள்ளை கம்பு வேண்டாம் என்று முகம் சுளிக்கும் பல வீடுகளில் குற்றம் அந்தப் பழைய மாவின் மேல்தான். தொட்டுக்கொள்ளத் தக்காளிச் சட்னி வைத்தால் ருசியோடு இன்னொரு நன்மையும் உண்டு: புளிப்புக் காய்கனிகளின் வைட்டமின் சி, தானியத்தின் இரும்பு உடலில் சேர உதவும்.

இனி அம்மாவின் இட்லி. புழுங்கல் அரிசியும் உளுந்தும் சேர்த்துப் புளிக்கவைத்த மாவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக் கூறு உளுந்தில் இருக்கிறது, உளுந்தில் குறைவானது அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்த புரதம் தனித்தனியாக இருப்பதைவிட மேலானது. ஞாயிற்றுக்கிழமை கோவை கிரைண்டரில் மாவு ஆட்டி வைத்துவிட்டால் புதன்கிழமை வரை கவலை இல்லை. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது எத்தனை பெரிய துணை என்பதைக் காலை ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஆனால் மூன்று இட்லி சாப்பிட்டால்தான் ஐந்து, ஆறு கிராம் புரதம் வரும். ஏழு வயதுப் பிள்ளை இரண்டோடு எழுந்துவிடும். கால்சியமும் இரும்பும் கொஞ்சம்தான். ஆகவே இட்லி நல்லதா என்று கேட்பதைவிட, அதோடு என்ன வருகிறது என்று கேட்க வேண்டும். வெறும் தேங்காய்ச் சட்னியில் புரதம் பெரிதாக இல்லை. கரண்டியில் நிற்காத சாம்பாரிலும் இல்லை. பாசிப்பருப்பைக் கெட்டியாக வேகவைத்த சாம்பார், நிலக்கடலைச் சட்னி, கொள்ளுத் துவையல் என்று எது கூட வந்தாலும் அந்தத் தட்டின் தரமே மாறிவிடும். இருபது கிராம் நிலக்கடலையில் நாலரை கிராம் புரதம் இருக்கிறது. கடலையும் கொள்ளும் விளைகிற மண்ணில் இருந்துகொண்டு, தண்ணீர் போன்ற சட்னியோடு பிள்ளையை அனுப்புவது எனக்குத் தாங்கவில்லை.

டப்பா உணவுகளைப் பற்றி நான் சுருக்கமாகவே சொல்வேன். இனிப்பில்லாத கார்ன்ஃப்ளேக்ஸ் முப்பது கிராமில் இரண்டு கிராம் அளவே புரதம்; மற்றதெல்லாம் நாம் ஊற்றும் பாலில் இருந்து வருவது. அவசர நாளில், பாலும் வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வறுத்த கடலையும் சேர்த்துக் கொடுத்தால் குற்றமில்லை. சாக்லேட் பூசியவையும் தேன் சேர்த்தவையும் வேறு கணக்கு. அட்டையின் பின்புறத்தில் நூறு கிராமுக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். கடையில் நின்று அதைப் படியுங்கள். உலக சுகாதார நிறுவனம் சேர்க்கும் சர்க்கரையை நாளின் மொத்தச் சக்தியில் பத்து விழுக்காட்டுக்குள் வைக்கச் சொல்கிறது, முடிந்தால் ஐந்துக்குள். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த ஐந்து விழுக்காடு இருபது கிராமை ஒட்டி வரும். அதில் பாதியைக் காலை ஏழு மணிக்கே ஒரு கிண்ணத்தில் செலவழித்துவிட்டால் மாலையில் என்ன செய்வது?

அப்புச்சியின் சத்து பானப் பொடியும் இதே கணக்கில் சேர்ந்ததுதான். சில வகைகளில் எடையில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. இந்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஆரோக்கிய பானம்’ என்று ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. அதனால் இணைய வணிகத் தளங்கள் இத்தகைய பானங்களை அந்தத் தலைப்பின்கீழ் விற்கக் கூடாது என்று மத்திய வணிக அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. இதை அப்புச்சியிடம் சொல்லலாம். ஆனால் அவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டும். அடுத்த முறை நிலக்கடலையோ நாட்டுக்கோழி முட்டையோ எடுத்து வரச் சொன்னால் அவருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும்.

நம் பக்கத்தில் நாட்டுச்சர்க்கரைக்குத் தனி மரியாதை உண்டு. பழனி பஞ்சாமிர்தத்துக்குக் கவுந்தப்பாடியில் இருந்துதான் போகிறது என்ற பெருமையும் உண்டு. அந்தப் பெருமை நியாயமானது. இருந்தாலும் பிள்ளையின் ராகிக் கஞ்சியில் மூன்று கரண்டி நாட்டுச்சர்க்கரை போட்டுவிட்டு, வெள்ளைச் சர்க்கரை போடவில்லை என்று நிம்மதி கொள்வதில் பொருள் இல்லை. தாதுக்கள் கொஞ்சம் கூடுதல் என்பது தவிர, உடம்புக்கு அதுவும் சர்க்கரைதான். கஞ்சியை மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்துப் பழக்குங்கள்; மூன்று வயதில் பழகியது பத்து வயதில் நிற்கும்.

முதலில் பால் என்ற பாட்டியின் கட்சிக்கு வருவோம். பாலில் நல்ல புரதமும் கால்சியமும் உண்டு, நூறு மில்லியில் 120 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம். இரும்பு அநேகமாக இல்லை. ஒரு பெரிய டம்ளர் பாலைக் குடித்துவிட்ட சின்னப் பிள்ளைக்கு அதன்பின் இட்லி இறங்காது. பால் வேண்டும், ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகோ மாலையிலோ கொடுக்கலாம். அதைவிட நான் கவலைப்படுவது டீயைப் பற்றி. பேக்கரி இல்லாத தெரு நம் ஊர்களில் குறைவு. டீயும் பன்னும் வர்க்கியும் கொடுத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் வீடுகள் உண்டு. டீயில் உள்ள டானின் உணவின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின் சொல். பெரியவர்களுக்கே இப்படி என்றால் பிள்ளைக்கு டீயே வேண்டாம் என்பேன்.

முட்டையில்தான் பல வீடுகளில் சண்டை கடுமையாகிறது. நாமக்கல்லில் இருந்து நாடெங்கும் லாரி லாரியாக முட்டை போகிறது. நம் வீட்டுக் காலைத் தட்டில் அது வருவதில்லை. ஒரு முட்டையில் ஆறு கிராம் தரமான புரதம், கூடவே வைட்டமின் பி12. காலைத் தேவையின் புரதக் கணக்கு அந்த ஒன்றிலேயே முடிந்துவிடுகிறது, பத்து நிமிடத்தில் வெந்தும்விடுகிறது. சத்துணவில் வாரம் ஐந்து முட்டை கொடுக்கும் மாநிலம் இது. வீட்டில் சூடு என்று சொல்லித் தடுப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். வெள்ளிக்கிழமை, அமாவாசை, புரட்டாசி மாதம் என்று வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. அதை மதித்து அந்த நாள்களில் பச்சைப்பயறு கடைசலோ சுண்டலோ வைக்கலாம். பி12 பாலிலும் தயிரிலும் இருக்கிறது. சைவ வீடுகள் அந்த இரண்டையும் விடக் கூடாது.

இந்தப் பட்டியலில் எவரும் சேர்க்காத ஒன்றைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன்: அரிசியும் பருப்பும், அதாவது இரண்டையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்து வேகவைக்கும் சோறு. கொங்கு வீடுகளில் இரவுக்கும் மழை நாளுக்கும் உரிய சாப்பாடாக அதை ஒதுக்கிவிட்டோம். காலையில் செய்யலாமே என்றால், ‘காலையிலேயே சோறுங்களா?’ என்று கேட்பார்கள். காலை என்றால் டிபன்தான் என்ற எண்ணம் நம் தாத்தா காலத்தில் இல்லை. அவர்கள் காலையில் குடித்ததும் உண்டதும் கம்மஞ்சோறு, சோளச்சோறு, பழைய சோறு. ஐம்பது கிராம் அரிசியும் இருபது கிராம் துவரம்பருப்பும் ஒரு பிள்ளையின் பங்கு. அதில் எட்டு கிராம் புரதம் வருகிறது. சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, மஞ்சள்தூள், கொஞ்சம் சீரகம். குக்கரில் வைத்துவிட்டுத் தலை பின்னி முடிப்பதற்குள் வெந்துவிடும். ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையையும் போட்டுவிடலாம். மேலே நெய், பக்கத்தில் தயிர். மதிய டப்பாவுக்கும் அதே போகும். மாவு தீர்ந்துபோன வியாழக்கிழமைக் காலைக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. டிபன் என்ற ஒரு சொல்லை விட்டுக்கொடுத்தால் பெற்றோர் இருவரின் விருப்பமும் நிறைவேறுகிறது: அப்பாவுக்கு ஊர்ச் சாப்பாடு, அம்மாவுக்கு ஒரே பாத்திர வேலை.

அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் விரிந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உப்புமா, கிச்சடி, பொங்கல் போன்றவை காய்கறி சாம்பாரோடு கிடைக்கின்றன. வீட்டில் வசதி இருக்க, பள்ளியில் ஏன் சாப்பிட வேண்டும் என்று மறுக்கும் அப்பாக்கள் உண்டு. கௌரவத்தை இதில் கொண்டுவராதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் தொடாத கிச்சடியைப் பிள்ளை நண்பர்களோடு உட்கார்ந்து தட்டு காலியாகச் சாப்பிடும். இரவு ஷிப்ட் முடிந்து வரும் தாய்க்கு அது ஒரு மணி நேர உறக்கம். வீட்டில் ஒரு முட்டையோ பாலோ கொடுத்து அனுப்பிவிட்டுப் பள்ளியில் மற்றதைச் சாப்பிடச் சொன்னால் இரண்டும் சேர்ந்து நல்ல காலைச் சாப்பாடு ஆகிறது.

சத்துக் கணக்கைவிடப் பெரிய சிக்கல் வேலைப் பங்கீட்டில் இருக்கிறது. கம்பு வேண்டும் என்று சொல்பவர் ஒருவர், அதைப் புடைத்து, கல் நீக்கி, ஊறவைத்து, அரைத்து, சுடுபவர் இன்னொருவர். அந்தத் தோசை அடுப்பில் கருகினாலோ பிள்ளை வேண்டாம் என்றாலோ பழி சுட்டவர் மேல் விழுகிறது. இதை நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன். எந்த உணவு வேண்டும் என்று யார் கேட்கிறாரோ அவர் அதன் வேலையில் பாதியை எடுத்துக்கொள்ள வேண்டும். கம்பு வாங்கி வந்து சுத்தம் செய்து ஊறவைப்பது அப்பாவின் பொறுப்பு என்று எங்கள் வீட்டில் ஆன பிறகு, கம்பு தோசை வாரத்தில் இரண்டு நாள் தடையில்லாமல் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை சந்தகை (இடியாப்பம் போன்ற அரிசி மாவுப் பலகாரம்) என்றால் வேகவைத்த மாவைச் சூடு ஆறுவதற்குள் பிழிய வலுவான கை வேண்டும், அது அவருடையதுதான். சந்தகையில் மாவுச்சத்தே மிகுதி. அதனால் தேங்காய்ப்பாலோடு நிறுத்தாமல் பச்சைப்பயறு கடைசலும் வைத்துவிடுகிறோம்.

பிள்ளையின் முன்னால் இந்த வாதத்தை நடத்தக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அப்பா களி என்பார், அம்மா பிஸ்கட் கொடுத்துவிடுவார் என்று தெரிந்துகொண்ட பிள்ளை ஒரு வாரத்தில் இரண்டு பேரையும் கையாளக் கற்றுவிடும். ஞாயிறு இரவு இருவரும் உட்கார்ந்து ஐந்து காலைகளையும் எழுதிவிடுங்கள். எதிரில் யார் வேலை என்றும் எழுதுங்கள். ஒரு வாரம் இப்படி இருக்கலாம்: இட்லியும் பாசிப்பருப்பு சாம்பாரும், கம்பு தோசையும் தக்காளிச் சட்னியும், முட்டையும் தோசையும், அரிசியும் பருப்பும், ராகித் தோசையும் நிலக்கடலைச் சட்னியும். தட்டில் என்ன என்பது பெற்றோர் முடிவு. எவ்வளவு என்பதைப் பிள்ளைக்கு விட்டுவிடுங்கள். திணித்து ஊட்டிய உணவைப் பிள்ளை வெறுக்கவே கற்றுக்கொள்ளும்.

எதைக் கொடுத்தாலும் காலையில் வேண்டாம் என்கிற பிள்ளையும் உண்டு. அந்த வீட்டில் முதலில் இரவுச் சாப்பாட்டு நேரத்தைப் பாருங்கள். கடை அடைத்து வரும் அப்பாவுக்காகக் காத்திருந்து இரவு ஒன்பதரைக்குப் பரோட்டா சாப்பிட்ட பிள்ளைக்குக் காலை ஏழு மணிக்குப் பசிக்காது. ஏழரைக்குள் இரவு உணவை முடித்துப் பாருங்கள். அப்படியும் பசி எடுக்கவில்லை என்றால் வற்புறுத்தாமல் ஒரு வாழைப்பழத்தோடு அனுப்பி, இடைவேளையில் சாப்பிட அவித்த முட்டையையோ, கடலை உருண்டையையோ, எலுமிச்சை பிழிந்த பயறுச் சுண்டலையோ சின்ன டப்பாவில் கொடுங்கள். பத்தரை மணிக்குச் சாப்பிட்டாலும் அது காலைச் சாப்பாடுதான்.